லூயிஸ் துவக்கோடு பார்த்த வேலை

வேலையில் என் இடத்துக்கு வந்திருக்கும் குமார் போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் கோலாலம்பூர்க்காரர், லண்டனுக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் கதவு மாதிரி வாய் மூடி இருப்பவன், அவர் வானொலி மாதிரி.

"அண்ணே, அந்த லூயிஸ் திரும்ப நின்னுபோச்சு. அதுக்கு என்னதான் பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்லை, தம்பி. அது அப்பிடித்தான்."

"அப்பிடித்தான்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதுண்ணே. நீங்களாச்சும் அதைப் பத்தி எங்கயாவது எழுதி வைங்க."

பேசச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். எழுதுவது பரவாயில்லை, எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்து பிடிபட்டது லண்டனுக்கு வந்த பிறகு, பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்த காலத்தில், தமிழ்ப் பேப்பர்களைத் திரும்பத் திரும்ப வாசித்து. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நான் வேலை செய்தது சினிமாவுக்குத் துவக்கு, அதாவது துப்பாக்கி, வாடகைக்குக் கொடுக்கும் கம்பனி. அப்படியும் ஒரு கடை இருக்கிறதா என்று கோயிலில் சந்திக்கிற எல்லோரும் கேட்பார்கள். இருக்கிறது. லண்டனின் வடமேற்கில், கார் கழுவும் இடத்துக்கும் பாண் பேக்கரிக்கும் நடுவில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடம். உள்ளே உலகத்தில் நடந்த எல்லாச் சண்டைகளின் துவக்குகளும் சுவரில் தொங்கும். சில செத்த துவக்குகள். குழலை வெட்டி, உள்ளே இரும்பை உருக்கி அடைத்திருப்பார்கள், கையில் வைத்து நடிக்கலாம், அவ்வளவுதான். சில உயிருள்ளவை. அவற்றில் வெற்றுத் தோட்டா போட்டுச் சுடலாம். மருந்து இருக்கும், துளைக்கிற சன்னம் இருக்காது. சத்தமும் நெருப்பும் மட்டும் வரும்.

நான் அங்கே போனது நிலம் கூட்ட. துவக்கைக் கண்டு ஊரைவிட்டு ஓடி வந்தவன், துவக்குகளுக்குக் கீழே தும்புத்தடியோடு நின்றேன். முதல் கிழமை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பிறகு ஒரு நாள் மேசையில் ஒன்று கழற்றிக் கிடந்தது. ஸ்பிரிங், ஆணி, தகடு, மரக்கட்டை. கழுவிக் கவிழ்த்த சமையல் பாத்திரங்கள் மாதிரி. அட, இவ்வளவுதானா என்று இருந்தது. அன்றைக்குப் பயம் பாதி போனது.

மேசைக்குச் சொந்தக்காரர் டெரெக். கம்பனியின் தலைமை ஆயுதக்காரர், முன்பு ராணுவத்தில் துவக்குத் திருத்தியவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் அடுத்த வேலையைத் தருவார், அதுதான் பாராட்டு. நான் அவரை சேர் என்று கூப்பிட்டேன். சேர் என்று கூப்பிட்டால் ராணுவ ஞாபகம் வருகிறது, பெயரைச் சொல் என்றார். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் ஏதாவது கேட்கவேண்டும் என்றால் பக்கத்தில் போய் நின்று இருமுவேன். வருடக்கணக்காக இருமியே வேலை பார்த்தேன். ஒருமுறை உண்மையாகவே தடிமன் பிடித்து இருமியபோது, "என்ன வேண்டும்?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டுவதிலிருந்து துடைப்பதற்கும், துடைப்பதிலிருந்து கழற்றிப் பூட்டுவதற்கும் நான் எப்படி வந்தேன் என்பது பெரிய கதை இல்லை. ஆள் குறைவாக இருந்தது, நான் அருகில் இருந்தேன். ஆனால் உயிருள்ள துவக்கைத் தொடுவதென்றால் பொலிஸ் விசாரித்து ஒப்புதல் தரவேண்டும். முன்பு குரோய்டனில் என் அகதி விண்ணப்பத்தை விசாரித்த அதிகாரி, எப்போதாவது ஆயுதம் தொட்டதுண்டா என்று பல விதமாகக் கேட்டார். இல்லை என்று பல விதமாகச் சொன்னேன். அது உண்மை. இப்போது வந்த பொலிஸ்காரர் அதே கேள்வியைக் கேட்டார். குரோய்டனுக்குப் பிறகா, முன்னமா என்று நான் கேட்டேன். டெரெக் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவருடைய தோள் குலுங்கியது.

டெரெக்கின் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பாடம்தான். ஒரு துவக்கை இன்னொருவர் கையில் கொடுக்கும் முன், தோட்டாக் கூட்டைக் கழற்றி, உள்ளே பார்த்து, வாங்குபவருக்கும் காட்டி, இருவரும் "கிளியர்", காலி என்று வாயால் சொல்லவேண்டும். மனதில் சொன்னால் செல்லாது. கொடுக்கும்போது வலது கை விசைப்பக்கம் போகவே கூடாது, இடது கையால்தான் நீட்டவேண்டும். அங்கேதான் நான் மாட்டினேன். இடக்கையால் ஒரு பொருளை ஒருவரிடம் நீட்டுவது எங்களால் ஏலுமா? நீட்டும் கடைசி நொடியில் என் கை தானாக மாறிவிடும். டெரெக் பின்னால் ஒதுங்குவார். கலியாண வீட்டில் அன்பளிப்புக் கொடுப்பது மாதிரித் துவக்கைத் தராதே என்பார். கடைசியில் நான் இடக்கையால் கொடுக்கப் பழகினேன், ஆனால் அந்தக் கையை வலக்கையால் மரியாதையாகத் தொட்டுக்கொள்வேன். அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி சாந்தி சோற்றுப் பானையை நீட்டினால் உள்ளே எட்டிப் பார்த்து "கிளியர்" என்பேன். "அப்ப உங்களுக்குச் சோறு வேண்டாமோ?" என்பாள்.

இனி லூயிஸ். நான் அப்போது லூயிஷாமில் குடியிருந்தேன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டெரெக் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அது முதலாம் உலகப் போர்க் காலத்து இலகு இயந்திரத் துப்பாக்கி. இலகு என்றால் நம்பவேண்டாம். தமிழ்க் கடையில் விற்கிற பத்துக் கிலோ பாஸ்மதி மூட்டையை விடக் கனம். அதற்கு முன்னிருந்த இயந்திரத் துப்பாக்கிகளைத் தூக்கப் பல பேர் வேண்டுமாம், இதை ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடலாம், அதனால் இலகு. குழலுக்கு மேல் ஒரு தடித்த உறை இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் கழிவுநீர்க் குழாய் என்றுதான் நினைப்பீர்கள். மேலே ஒரு வட்டத் தட்டு. தோட்டாக்கள் அதற்குள் மூக்கை நடுவில் வைத்து, காலை வெளியே நீட்டி, வட்டமாகப் படுத்திருக்கும். சுடச் சுடத் தட்டு சுற்றும். துவக்குக்குள்ளே மணிக்கூட்டில் இருக்கிற மாதிரிச் சுருட்டிய ஸ்பிரிங். அதை இறுக்கலாம், தளர்த்தலாம். மீன் கடைத் தராசு போல ஒரு கொக்கித் தராசை மாட்டி இழுத்து இறுக்கத்தைப் பார்ப்போம். வெற்றுத் தோட்டா வலுக் குறைந்தது, ஸ்பிரிங் அதற்கேற்ற மாதிரித் தளர்ந்திருக்கவேண்டும். மழை, குளிர், தூசி எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு அளவு. சம்பந்தி வீட்டாரைச் சமாளிப்பது மாதிரி.

எங்களிடம் இருந்தது பேர்மிங்காமில் செய்தது. அதன் சேவை வரலாற்றை டெரெக் துவக்கின் உடம்பைத் தடவிச் சொல்லுவார். குழலின் அடியில் இருந்த முத்திரைகள் முதல் போருக்குப் போனதற்குச் சாட்சி. பிறகு கிறீஸ் பூசிப் பெட்டியில் நீண்ட நித்திரை. இரண்டாம் போரில் எழுப்பி, ஒரு மீன்பிடிப் படகில் பூட்டி, விமானத்துக்குக் குறி வைத்தார்கள். அப்போது உப்பு அரித்த புள்ளிகள் அம்மைத் தழும்பு மாதிரி இன்னும் இருந்தன. அதற்குப் பிறகு சினிமா. சினிமாவில் அது பிரித்தானியருக்காகவும் சுட்டது, அவர்களுக்கு எதிராகவும் சுட்டது. ரஷ்ய உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கமும் நின்றது. ஒரு படத்தில் கறுப்புச் சாயம் அடித்து, பிளாஸ்டிக் குழாய்கள் ஒட்டி, வேற்றுக் கிரகத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பசையைச் சுரண்ட எனக்கு இரண்டு கிழமை, முழுசாகப் பதினாலு நாள், பிடித்தது. டெரெக் அதைக் கிழவி என்பார். "கிழவிக்கு இன்றைக்கு எண்ணெய் வேண்டாம்" என்பார். உண்மையாகவே சொந்தக்காரி ஒருத்தியைப் பற்றிப் பேசுகிற முகம்.

ஆனால் கிழவிக்கு ஒரு குணம். திடீரென்று நின்றுவிடும்.

நிற்பது பெரிய குற்றம் இல்லை. அந்தக் காலத்துப் போர்க்களத்திலும் அது நின்றிருக்கிறது. நின்றால் என்ன செய்வது என்று அப்போதே முறை எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் இழுக்கும் பிடி உண்டு. அந்தப் பிடி எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்று பார்த்தால் என்ன வருத்தம், என்ன நோய் என்று தெரியும். முழுக்க முன்னால் நின்றால் தோட்டா வரவில்லை, அல்லது வெடிக்கவில்லை. நடுவழியில் நின்றால் சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கோது சிக்கியிருக்கும், அல்லது வலுப் போதவில்லை. டெரெக் எனக்கு இதைக் கண்ணைக் கட்டிச் சொல்லித்தந்தார். விரலால் பிடியைத் தேடி, வருத்தத்தைச் சொல்லவேண்டும்.

படப்பிடிப்பில் அது நின்றால் நூற்றுக்கணக்கான ஆட்கள் சும்மா நிற்பார்கள். ஒரு படத்தில் அப்படி நின்று அரைநாள் போய், படக்காரர்கள் எங்கள் முதலாளி கொலினிடம் கத்தினார்கள். கொலின் கெட்டவர் இல்லை. கணக்காளரான தகப்பனிடமிருந்து கம்பனியை எடுத்தவர், வாடிக்கையாளர் கத்தினால் நித்திரை வராதவர். அவர் மேசைக்கு வந்து, இன்னும் ஒரு தரம் படப்பிடிப்பில் நின்றால் லூயிஸை வெட்டிவிடுவோம் என்றார். குழலை வெட்டி, அடைத்து, செத்த துவக்குகளோடு தொங்கவிடுவது. அப்படியும் வாடகைக்குப் போகும், யாரும் கத்தமாட்டார்கள்.

கொலின் போன பிறகு டெரெக், "இரண்டு போரில் பிழைத்ததை ஒரு கணக்காளரின் மகன் கொல்லப்போகிறான்" என்றார். கிழவியைக் கழற்றினார். எனக்கு ஒரு துணியைத் தந்தார். அன்றைக்கு நாங்கள் அதைக் குளிப்பாட்டியது போல நான் என் காரைக் கூடக் கழுவியதில்லை.

அடுத்த வேலை வந்தது. முதல் போரில் மெசப்பொத்தேமியாவில் சண்டை செய்த இந்தியச் சிப்பாய்கள் பற்றிய படம். பாலைவனம் கென்டில் ஒரு கல் குவாரிக்குள் இருந்தது. லொறி லொறியாக மணல் கொட்டியிருந்தார்கள். மெசப்பொத்தேமியாவில் எல்லோரும் கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டு நடுங்கிக்கொண்டிருந்தோம். காட்சி லேசானது. ஒரு சிப்பாய் லூயிஸோடு படுத்திருப்பான். பக்கத்தில் இன்னொருவன் தட்டை மாற்றுவான். முதல் ஆள் சுடுவான், முழுத் தட்டும் போகவேண்டும்.

சுடுகிற நடிகர் கெட்டிக்காரர், பஞ்சாபிப் பெடியன், பேர்மிங்காம்காரர். துவக்கும் ஊர்க்காரி என்று சொல்லித் தட்டிக்கொடுத்தார். தட்டுப் போடுகிறவர்தான் சரிவரவில்லை. தட்டை நடுவில் உள்ள முளையில் வைத்து, அமத்தி, பூட்டு விழுகிறதா என்று கையால் உணரவேண்டும். அவருக்குக் கை விறைத்துப் போயிருந்தது. முதல் தரம் தட்டு சரிந்தது. இரண்டாம் தரம் ஒரு வெடியோடு நின்றது. தூரத்தில் மஞ்சள் ஜக்கெற்றில் கொலின். அன்றைக்கு அவர் தானே வந்திருந்தார்.

பிழை துவக்கில் இல்லை, தட்டில் என்று டெரெக் சொன்னார். இயக்குநர் மெலிந்த ஒரு பெண். அப்படியானால் தட்டுப் போடத் தெரிந்த ஆள் யார் என்று கேட்டார். டெரெக் கையை என் பக்கம் நீட்டினார். இயக்குநர் என் நிறத்தைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார்.

நான் எங்கள் வான் வண்டிப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். டெரெக் பின்னால் வந்தார். என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. பக்கத்தில் வந்து நின்று, இருமினார்.

வேறு என்ன செய்ய? உடுப்புப் போடுகிற பெண் தலைப்பாகை சுற்றினாள். தாடி ஒட்டினார்கள், அது கொசு கடித்த மாதிரிக் கடித்தது. சாந்திக்கு ஒரு சொல் சொல்லிவிடுவோம் என்று கூப்பிட்டேன்.

"முகம் வடிவாத் தெரியிற மாதிரி நில்லுங்கோ. தலையைக் குனிஞ்சுபோடாதேங்கோ" என்றாள்.

ஓம் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை நிறுத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு மணலில் படுத்தேன்.

தட்டை வைத்தேன், அமத்தினேன், பூட்டு விழுந்தது. நடிகரின் தோளில் தட்டினேன். கிழவி சுடத் தொடங்கியது. அந்தச் சத்தம் வேறு இயந்திரத் துப்பாக்கி மாதிரி இல்லை. அவசரமில்லாத சத்தம், தையல் இயந்திரத்தைப் பெரிதாக்கின மாதிரி. தட்டு சுற்றுகிறது, கோதுகள் பக்கத்தில் விழுகின்றன. போ, போ, போ என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதித் தட்டில் நின்றது.

யாரும் "கட்" சொல்லவில்லை. என் கண்ணுக்கு அந்த மஞ்சள் ஜக்கெற் மட்டும் தெரிந்தது. வெட்டுகிற இயந்திரம் அவர் கையிலேயே இருப்பது போல இருந்தது. கமெராவும் என் கூச்சமும் அப்போது எங்கே போயின என்று தெரியாது. பிடியைப் பார்த்தேன். நடுவழி. கோதுதான்.

"தள்ளும் தம்பி" என்றேன், தமிழில். பஞ்சாபிப் பெடியனுக்கு எப்படி விளங்கியதோ, தள்ளினார். அவருக்கு மேலால் ஏறி அந்தப் பக்கம் போகும்போது என் சப்பாத்து துவக்கில் பட்டது. பட்டதும் என் கை தானாகப் போய்த் துவக்கைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றியது. புத்தகத்தில் கால் பட்டால், ஆளில் கால் பட்டால் செய்வோமே, அதுதான். நினைத்துச் செய்யவில்லை. தட்டைத் தூக்கினேன், பிடியை இழுத்தேன், சிக்கியிருந்த கோது துள்ளி வெளியே விழுந்தது. உள்ளே பார்த்தேன், தட்டை வைத்தேன், அமத்தினேன்.

"அடியும்!"

அடித்தார். மிச்சத் தட்டு முழுவதும் ஒரே மூச்சில் போனது.

"கட்" வந்ததும் இரண்டு பேர் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். ஒரு பக்கம் கொலின், மறுபக்கம் இயக்குநர். இயக்குநருக்குக் கால் நீளம், முதலில் வந்துவிட்டார். நான் சொறி, மன்னியுங்கோ என்றேன். இன்னொரு தரம் சொறி என்றேன். அவர் கேட்கவே இல்லை. அந்த இடத்தில் மண்டியிட்டு, "இதையே திரும்பச் செய்யவேண்டும். அதே மாதிரி நடுவில் நிற்கவேண்டும்" என்றார்.

வந்து சேர்ந்த கொலின் மூச்சு வாங்க டெரெக்கைப் பார்த்தார்.

டெரெக் தன் சின்னக் குரலில், இது சொன்னவுடன் நிற்கிற துவக்கு இல்லை அம்மா என்றார். அவர்கள் விடவில்லை. புதுத் தட்டு, திரும்பப் படுக்கை, திரும்பச் சுட்டோம். கிழவி நிற்கவே இல்லை. முழுத் தட்டு, ஒரு தடங்கல் இல்லை. இன்னொரு தரம். அதுவும் முழுத் தட்டு. ஸ்பிரிங்கை இறுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். டெரெக் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறுக்கினார். அப்படியும் கடைசித் தோட்டா வரைக்கும் போனது. நூறு பேர் குளிரில் நின்று, ஒரு துவக்கு ஒரு தடவையாவது நிற்கவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் கொலினைப் பார்த்து, இதைக் கொஞ்சம் பழுதாக்கிக் கொண்டுவர முடியாதா என்று கேட்டார். நிற்கவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கத்துவது கொலினுக்கு முதல் அனுபவம்.

கடைசியில் அந்த முதல் தடவையைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

வான் வண்டியில் திரும்பி வரும்போது கொலின் முன் இருக்கையில் இருந்தார். லூயிஸை வெட்டுகிற கதையை எடுக்கவே இல்லை. பின்னால் நானும் டெரெக்கும், நடுவில் பெட்டிக்குள் கிழவி. டெரெக் ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். லூயிஷாமில் என்னை இறக்கிவிடும்போதுதான் சொன்னார்.

"கோதை எடுத்த பிறகு உள்ளே பார்த்தாய். கிளியர் சொல்லவில்லை."

"மனதில் சொன்னேன்" என்றேன்.

"மனதில் சொன்னால் செல்லாது" என்றார். ஆனால் கை குலுக்கினார். இடக்கையால்.

படம் வந்தபோது சாந்தி அரை டசின் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். என் முகம் ஓர் இடத்திலும் இல்லை. தலைப்பாகை, தாடியில் ஒரு துண்டு, இரண்டு கை. தமிழில் நான் சொன்ன இரண்டு வசனத்துக்கும் வேறு ஒருவர் குரல் கொடுத்திருந்தார், பஞ்சாபியில். தொட்டுக் கும்பிட்டது மட்டும் பெரிதாக, திரை முழுக்க இருந்தது. "இவ்வளவு தூரம் வந்து உங்கட விரலைப் பாத்திட்டுப் போறம்" என்றாள் சாந்தி. பிறகு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் ஒருவர், அந்தப் படத்தில் துவக்கைக் கும்பிடுகிற சீக்கியர் திறம் என்றார். ஓம், திறம் என்று சொல்லிவிட்டுச் சாம்பாரை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

அந்தப் படத்துக்குப் பிறகு லூயிஸுக்கு வேலை கூடியது. அந்த நிற்கிற துவக்குத்தான் வேண்டும் என்று கேட்டுக் கூப்பிட்டார்கள். ஒரு கம்பனி அந்த ஆளும் வேண்டும் என்றது. துவக்கை அனுப்புங்கோ, நான் வரேல்லை என்று கொலினிடம் சொல்லிவிட்டேன். டெரெக் ஓய்வெடுத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனார். மேசை எனக்கு வந்தது. பிறகு காலம் மாறியது. நெருப்பையும் புகையையும் கணினியில் சேர்க்கப் பழகினார்கள், அது பாதுகாப்பு, நல்லதுதான். உயிருள்ள துவக்குகள் ஒவ்வொன்றாக வெட்டுக்குப் போயின. ஒவ்வொரு பட்டியல் வரும்போதும் லூயிஸின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். கொலின் ஒருபோதும் அதைச் சேர்க்கவில்லை.

எனக்கு ஓய்வு வயது வரவில்லை, முதுகுதான் முந்திக்கொண்டது. எங்கள் டொக்டர் சிங்கப்பூர்த் தமிழர். முதுகை அமத்திப் பார்த்து, இனிப் பாரம் தூக்கக்கூடாது, வேலையை விடுங்கள் என்றார். இத்தனை வருடம் அப்படி என்னத்தைத் தூக்கினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நூறு வயதைத் தாண்டிய துவக்கா, அதை இப்போது எந்த மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள் என்று ஆவலாகக் கேட்டார்.

"மியூசியத்தில இல்லை டொக்டர். திங்கக்கிழமை ஹங்கேரிக்குப் போகுது. ஆறு கிழமை வேலை."

டொக்டர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதித் தந்தார்.